நான் தேய்த்துப் பார்த்த தகடு

பழைய கார்களை வாங்கி விற்பது என் தொழில். நல்ல வண்டியைக் கண்டால் முகத்தில் காட்டக் கூடாது, குறை சொல்லி விலையை இறக்க வேண்டும். அதில் நான் கெட்டிக்காரன்.

கோட்டையூரில் ஒரு பெரிய வீட்டின் பின்பக்கக் கொட்டகையில் அந்தக் காரைக் காட்டினார் வீட்டுக்கார ஆச்சி. கதவைத் தொட்டதும் துரு பொலபொலவென உதிர்ந்தது. இன்ஜின் பக்கத்தில் அழுக்கேறியிருந்த பித்தளைத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்தேன். எண் தெரிந்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. அந்த வரிசையில் வந்த வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

"எப்படி இருக்கு தம்பி?"

"வெறும் இரும்பு, ஆச்சி. எடைக்குத்தான் போகும். நாலு நாள் கழிச்சு வாரேன்."

காக்க வைத்தால் விலை இன்னும் இறங்கும் என்பது என் நினைப்பு.

ஐந்தாம் நாள் போனபோது தெருமுனையிலேயே பெயின்ட் கருகும் வாடை. எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கி வழிவிட்டேன். அதில் என்ன போகிறதென்று பார்க்கவில்லை.

கொட்டகை காலியாக இருந்தது. தரையில் கரி.

"மக கல்யாணத்துக்கு அடுப்புப் போட இடம் வேணும். நீங்கதானே எடைக்குத்தான் போகும்னு சொன்னீக? இரும்புக் கடைக்காரரு காரை கேஸ் வச்சு அறுத்து இப்பத்தான் லாரில ஏத்திட்டுப் போறாரு" என்றார் ஆச்சி.

பிறகு உள்ளே போய் அந்தப் பித்தளைத் தகட்டை எடுத்து வந்தார்.

"ஆசையாத் தேய்ச்சுப் பாத்தீகளே. அதான் இதை மட்டும் உங்களுக்குன்னு கழட்டி வைக்கச் சொன்னேன்."

என் வாயை நம்பியவர் என் கையையும் கவனித்திருக்கிறார். தகடு என் மேசையில்தான் கிடக்கிறது. அதை இன்னொரு முறை தேய்க்க எனக்கு மனம் வரவில்லை.