அந்நியர் பின்னிய கூடு

பூங்காவனத்துக்குத் தெரியாத வேலை எதுவும் இல்லை. அவளுடைய பெரிய கஷ்டமே அதுதான். எங்கள் முன்னோர் கடல் தாண்டி வந்து குடியேறிய காஜா பெராங்கில் அவள் வீட்டுக்கு எதிர்வீட்டில் பதினொரு வருஷம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

அம்மியில் உட்கார்ந்தால் ஒரு காலைக்குள் எட்டு உருண்டை மசாலா அரைத்துவிடுவாள். உருண்டை ஒன்று தேங்காய் அளவு, நாலு வீட்டுக் குழம்புக்குக் காணும். பெருநாள் சமயத்தில் கெத்துப்பாட்டு என்கிற சோற்றுக் கட்டிக்கு அரிசி போட்டு அவிக்கும் ஓலைக்கூடு பின்னினால் அதே காலையில் அறுபது. பக்கத்து வீட்டுச் சபியா கூடு நாற்பதுதான் பின்னுவாள். அம்மியிலோ பாவம், இரண்டு உருண்டைக்கே கை எரிந்து அழுவாள். ஆக, சபியா இரண்டிலும் தோற்றவள். ஆனாலும் ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் உருண்டைக்குப் பத்துக் கூடு என்று இருவரும் மாற்றிக்கொண்டார்கள். பூங்காவனம் இரண்டையும் பாசாரில் கடை போட்டு விற்பாள்.

அந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. அவள் புருஷன் கருணாகரன், கப்பலுக்குப் போகும் ரப்பர்க் கட்டுகளுக்கு முத்திரை குத்தும் கிராணி, வீட்டுக்குள்ளேயே பிரசங்கம் செய்யத் தொடங்கினான். சீமைத்துணிச் சட்டையோடு, சியாம் அரிசிச் சோற்றைப் பிசைந்தபடி, "இனிமே அந்நியர்கிட்ட கையேந்தி நிக்கக் கூடாது" என்றான். பூங்காவனம் சுற்றிலும் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த அந்நியர் வேலிக்கு அந்தப்பக்கம் இருந்த சபியா மட்டும்தான்.

மறு வருஷப் பெருநாளுக்கு முன்னால், "இந்தத் தடவ கூடு வேணாம் சபியா. ஒன்னவிட நான் வேகமாப் பின்றேன், எதுக்கு ஒங்கிட்ட வாங்கணும்?" என்றாள்.

சபியா வெட்டி வைத்திருந்த ஓலையைச் சுருட்டி ஓரமாக வைத்தாள். பூங்காவனம் சொன்னது உண்மைதானே.

பூங்காவனம் இரண்டு காலை உட்கார்ந்து நூற்றிருபது கூடு பின்னினாள். அத்தனையும் கண்ணுக்கு அழகு. அந்த இரண்டு காலையும் அரைத்திருந்தால் பதினாறு உருண்டை. பன்னிரண்டைச் சபியாவுக்குக் கொடுத்து அதே நூற்றிருபது கூட்டை வாங்கியிருக்கலாம், நாலு உருண்டை கையில் நின்றிருக்கும். அந்த நாலு உருண்டைதான் பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு பாசாரில் போதாமல் போனது. "ரெம்பா ஹாபிஸ்?" மசாலா தீர்ந்துவிட்டதா என்று கேட்டுக் கேட்டுப் பதினாறு வீட்டுக்காரிகள் நடந்தார்கள், பக்கத்தில் மசாலா விற்ற செமாபோக் ஊர்க்காரி கடைக்கு. வருஷக்கணக்காகத் தன்னிடமே வாங்கியவர்கள். பெருநாளன்று ஒரு தடவை வேறு கை அரைத்த மசாலா நாக்கில் பட்டால் திரும்பி வருவார்களா? நாளைக்கும் இதே கதை என்றால் கடையே போய்விடும்.

பூங்காவனம் நேரே சபியா வீட்டுக்குப் போனாள். அங்கே சபியா மிளகாய்க் கையைத் தண்ணீரில் முக்கி வைத்திருந்தாள். அம்மியில் அவளே அரைத்த மசாலா மணல் மணலாகக் கிடந்தது. பூங்காவனத்துக்கு அழுகை வந்துவிட்டது.

"தெரியாம சொல்லிட்டேன்டி. இருந்தாலும் நான் நல்லாத்தானே பின்றேன்?"

"ஒங்கள மாதிரி யாருக்கா பின்னுவா? ஆனா நீங்க ஓலையக் கையில எடுத்தா அம்மி சும்மாக் கெடக்குதே. என் அம்மி சும்மாக் கெடந்தா ஊருக்கு நல்லதுதான்."

இருவரும் சிரித்தார்கள். மறுநாள் பாசாரில் மசாலாவும் இருந்தது, சபியாவின் கூடும் இருந்தது. பதினாறில் பதினொரு பேர் திரும்பி வந்தார்கள். மற்ற ஐந்து பேரைப் பூங்காவனம் கடைசிவரை மறக்கவில்லை.

சாயங்காலம் கருணாகரன் கூடுகளைப் பார்த்துவிட்டு, "மறுபடியும் அந்நியர்கிட்டயா?" என்றான்.

பூங்காவனம் அவன் முன்னால் தட்டை வைத்தாள். சோறு இல்லை. அவன் மாதிரிக்குக் கொண்டுவந்து சட்டைப்பையில் போட்டிருந்த ரப்பர்த் துண்டு ஒன்று நடுவில் இருந்தது.

"நம்ம ஊர்ச் சரக்கு. நல்லா மென்னு சாப்பிடுங்க."