ஐம்பது தடவை

அறிவுச்செல்வி டீச்சர் வீட்டில் போன் பீரோவுக்குள் இருக்கும். சாவி அவள் இடுப்பில் இருக்கும். சாயங்காலம் நாலு மணிக்குப் போன் வெளியே வரும், ஐந்து மணி அடித்தால் உள்ளே போய்விடும். ஜேடர்பாளையம் ரோட்டில் இருக்கிற அந்தச் சின்ன ஊரில் பிள்ளைகளெல்லாம் சோறு தண்ணி இல்லாமல் போனே கதியென்று கிடக்க, தாய்மார்கள் "டீச்சர் பையனப் பாரு" என்று சொல்லித்தான் அவர்களைத் திட்டினார்கள். டீச்சருக்கு அது காதில் விழும். விழட்டும் என்றுதான் அவளும் இருந்தாள். பெருமை யாரை விட்டது?

பத்து வருஷம் அவள் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். நாமக்கல் பக்கத்து ஹாஸ்டல் பள்ளிக்கூடம் எப்படி என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் ஒரு பரீட்சை, ராத்திரி ஒரு பரீட்சை. கடைசி பெஞ்சில் ஒருத்தன் பிட்டுப் பேப்பரைத் தொட்டால் போர்டைப் பார்த்து எழுதிக்கொண்டே அவன் பேரைச் சொல்லிவிடுவாள். தப்புச் செய்தவனை அடிக்க மாட்டாள், இம்போசிஷன் கொடுப்பாள். ஐம்பது தடவை. "எழுத்து கோணுது, திருப்பி எழுது" என்பது அவள் வாயில் எப்போதும் இருக்கும்.

கணவன் தனசேகர் போர் போடும் ரிக் வண்டியில் டிரில்லர். வருஷத்தில் பத்து மாதம் சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று போய்விடுவான். ஒரே பையன் மதியழகன். எட்டு வயசில் அவன் நடக்கும்போதே விழ ஆரம்பித்தான். சேலத்தில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் நோய், மருந்து கிடையாது என்றார். பதினோரு வயசில் நடை சுத்தமாக நின்றுவிட்டது. அவள் பள்ளிக்கூடத்திலேயேதான் அவனும் படித்தான், வகுப்பு மாடியில். கீழே மாற்ற வழியில்லை என்று பள்ளிக்கூடத்தில் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்கள். அவள் அன்றைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

யார் பரிதாபப்பட்டு வந்தாலும் அவளிடம் ஒரே பதில்தான். "காலுதானுங்க போச்சு. கை இருக்குதுல்ல? கை இருக்கிற வரைக்கும் எம்பையன் ஒருத்தனுக்கும் சளைச்சவனில்லீங்க." பையனை வைத்துக்கொண்டேதான் சொல்வாள். அவனுக்கு அது தெம்பு என்று நினைத்தாள். அடுத்தது கைக்கும் வரும் என்று டாக்டர் சொல்லாமல் இல்லை. அதற்கு இருபது வயசாவது ஆகும் என்று இவளாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள்.

வீடே பள்ளிக்கூடமானது. திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவதுக்குப் பேர் கொடுத்தாள். சுவரில் டைம்டேபிள் ஒட்டினாள். பக்கத்துக் கோழிப்பண்ணையிலிருந்து வந்த முட்டை அட்டையை வைத்து வர்க்கமூலம் சொல்லிக்கொடுத்தாள். ஒரு ஆடிப்பெருக்குக்கு ஜேடர்பாளையம் அணைக்கட்டில் தண்ணீர் விழுவதைக் காட்டி, நிமிஷத்துக்கு எவ்வளவு போகும் என்று அவனைக் கணக்குப் போட வைத்தாள். சுவர் மேப்பில் அப்பாவின் ரிக் நிற்கிற ஊரிலெல்லாம் குண்டூசி குத்தினான். பகலெல்லாம் படிப்பு, சாயங்காலம் கேரம். பண்ணையில் வேலை செய்கிற சின்னாயியின் மகள் பிரபா ஸ்கூல் விட்டு நேராக இங்கேதான் வருவாள். மதி அவளை ஒரு போர்டுகூட ஜெயிக்க விடமாட்டான். அந்த மூன்று வருஷம் அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு, நல்ல கால் உள்ள பிள்ளைகள் இருக்கிற வீட்டில்கூடக் கேட்டிருக்காது.

இந்த வருஷம் சித்திரையில்தான் எல்லாம் மாறியது. "கேரம் போரடிக்குதும்மா" என்றான். போர்டு சுவரோரம் போனது. சோறு தின்னும்போது தலையைத் தட்டுக்குக் கொண்டுபோய்க் குனிந்து தின்றான். போன் பார்த்துப் பார்த்துக் கூன் விழுந்துவிட்டது என்று திட்டினாள். நோட்டில் எழுத்து கோழி கிளறின மாதிரி ஆனது. திருப்பி எழுதச் சொன்னால் "நாளைக்கும்மா" என்பான். நாலு மணிக்குப் போன் வருகிறதா என்று மட்டும் மணி பார்த்துக்கொண்டே இருந்தான். அவளுக்குச் சந்தேகமே இல்லை, ஊர்ப் பிள்ளைகளுக்குப் பிடித்த பேய் தன் பிள்ளையையும் பிடித்துவிட்டது. ஒரு மணி நேரத்தை அரை மணியாக்கினாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை காலையில், குளிப்பாட்ட அவனைத் தூக்கினபோது தொடைக்கு அடியிலிருந்து போன் விழுந்தது. முந்தின நாள் அவள் பீரோவில் வைத்துப் பூட்ட மறந்ததை எடுத்து ஒளித்திருக்கிறான்.

"திருடவும் பழகிட்டியா?"

அவன் கீழே கிடந்த போனையே பார்த்தான்.

"எங்கிட்டப் படிச்ச எத்தனையோ பேரத் திருத்தியிருக்கறேன். எம்பையன் எனக்கே தண்ணி காட்றான்."

குளிப்பாட்டி, நாற்காலியில் உட்கார வைத்து, மடியில் பலகை போட்டு, புது நோட்டைப் பிரித்து வைத்தாள். 'நான் இனி அம்மாவைக் கேட்காமல் போனைத் தொடமாட்டேன்.' முதல் வரியை அவளே முத்து முத்தாக எழுதினாள்.

"அம்பது தடவ. எழுத்து கோணக்கூடாது. முடிச்சாத்தான் சோறு."

அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். "சரிம்மா" என்றான்.

ரேஷன் கடையில் அன்றைக்கு நல்ல கூட்டம். அவள் திரும்பி வரப் பகல் ஒரு மணி ஆகிவிட்டது. பையன் வைத்த இடத்தில் அப்படியே இருந்தான். முகமெல்லாம் வேர்வை. சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. பேனா மடியில் கிடந்தது.

"முடிச்சியா?"

"பன்னெண்டும்மா."

மூன்று மணி நேரத்தில் பன்னிரண்டு வரி. திட்ட வாயைத் திறந்துகொண்டேதான் நோட்டை எடுத்தாள். முதல் வரி பக்கம் முழுக்கப் போயிருந்தது. மூன்றாவது முக்கால் பக்கத்தில் நின்றது. ஆறாவது பாதியில் நின்று, மீதி எழுத்து அதன்மேலேயே ஏறிக்கிடந்தது. பத்துக்குக் கீழே எல்லா எழுத்தும் இடது ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருந்தன. 'தொடமாட்டேன்' என்ற சொல் கறுப்பாக ஒரு பொட்டு அளவுக்கு ஆகியிருந்தது. காகிதமெல்லாம் கை வேர்வை.

எத்தனை ஆயிரம் பேப்பர் திருத்தினவள்! சோம்பேறியின் எழுத்து தெரியும், திமிர் பிடித்தவனின் எழுத்து தெரியும். இது இரண்டும் இல்லை. விரல் எழுதுகிறது. ஆனால் கையை அடுத்த எழுத்துக்கு நகர்த்த முடியவில்லை.

"சாமி, கையத் தூக்கு பாக்கலாம்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"தூக்கு சாமி."

தூக்கினான். பலகையிலிருந்து ஒரு விரற்கடை எழும்பி, கை விழுந்துவிட்டது. இடது கையும் அப்படித்தான். கேரம் போர்டில் எட்டாத கை அது. வாய் வரைக்கும் வராத கை. தட்டில் குனிந்து தின்றது கூனால் இல்லை. கையை மடியில் கிடத்திவிட்டுக் கட்டைவிரலால் மட்டும் செய்யக்கூடிய காரியம் போன் ஒன்றுதான் அவனுக்கு மிச்சம் இருந்தது. அதைத்தான் அவள் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

"எத்தன நாளா?"

"மாசியிலிருந்தும்மா."

"ஏஞ் சாமி எங்கிட்டச் சொல்லல?"

குற்றம் சொல்கிற குரலில் இல்லாமல், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறவன் போலச் சொன்னான். "கை இருக்கிற வரைக்கும்னு சொல்லுவியேம்மா."

அவள் தரையில் உட்கார்ந்து அவன் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அவள் தலையைத் தடவ அவனுக்குக் கை வரவில்லை. விரலை மட்டும் அசைத்து அவள் முடியைத் தொட்டான்.

சாயங்காலம் பிரபா வந்தாள். டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. "நாந்தாங்க டீச்சர் மொதல்ல ரெண்டு மாசம் உங்களுக்குத் தெரியாம அண்ணனுக்குப் பதிலா ஸ்டிரைக்கர் தள்ளி உட்டேன். அப்பறம் அண்ணனே போர்டு வேண்டாம்னுருச்சுங்க" என்று அழுதாள். தனசேகருக்குப் போன் போட்டால் அந்தப் பக்கம் ரிக் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே அவனும் அழுதான்.

"எனக்குத் தெரியும் செல்வி. தெனமும் மெசேஜ்ல எழுதி அனுப்புவான். நேத்துப் போன எடுத்ததுகூட அதுக்குத்தான். அம்மா தாங்காது, சொல்லாதீங்கப்பான்னான்."

ரிக் ஓட்டுகிறவனுக்குத் தெரிந்திருக்கிறது, கோழிப்பண்ணைக்காரி மகளுக்குத் தெரிந்திருக்கிறது. கடைசி பெஞ்சு வரைக்கும் கண் போகிற டீச்சருக்குத்தான் தெரியவில்லை.

அன்றைக்கே பீரோச் சாவியை எடுத்து டைம்டேபிள் ஆணியில் மாட்டினாள். நாலு மணிக் கணக்கும் போயிற்று. மேப்பில் குண்டூசியை அவன் ஊர் பேர் சொல்ல அவள் குத்தினாள். கேரம் மறுபடி நடுவீட்டுக்கு வந்தது. எங்கே அடிக்க வேண்டும் என்று அவன் சொல்வான், அம்மா அடிப்பாள். "கோணுது டீச்சர், திருப்பி அடி" என்பான். அவள் சிரிப்பாள். சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவாள்.

ஐப்பசியில் பரீட்சை. அவன் சொல்லச் சொல்ல வேறொரு பெண் எழுதினாள். உள்ளே விடுமுன் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவனால் முடியவில்லை. கணக்கு டீச்சர் மகனின் கட்டைவிரலை மையில் ஒற்றி, காகிதத்தில் வைத்து அழுத்தினார்கள். வாசலில் நின்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்கில் எண்பத்தொன்று வாங்கினான்.

அந்த நோட்டு இப்போது பீரோவில், போன் இருந்த தட்டில் இருக்கிறது. கிழித்துப் போடத்தான் முதலில் எடுத்தாள், மனசு வரவில்லை. மதியழகன் தன் கையால் கடைசியாக எழுதியது அந்தப் பன்னிரண்டு வரிதான்.