பக்கத்துக் கட்டில் அக்கா

என் மகளுக்கு நிமோனியா முற்றி, நுரையீரலைச் சுற்றிச் சீழ் கோத்துக்கொண்டது. விலாவில் துளை போட்டுக் குழாய் வைக்கவேண்டும் என்றார் ஆரணி டாக்டர். வீட்டுக்காரர் மருந்து வாங்க வேலூர் போயிருந்தார். நான் சம்மதம் சொல்லாமல் அழுதுகொண்டிருந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் பெரணமல்லூர் அக்கா ஒருவர். ஒடிசலான உடம்பு, வெயிலில் கறுத்த முகம். நர்ஸ்களைக்கூடக் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார். அன்று அவர் பையனுக்கு டிஸ்சார்ஜ். பையைக் கீழே வைத்துவிட்டு வந்து, அவன் சட்டையைத் தூக்கி ஆறிவரும் தழும்பைக் காட்டினார்.

"இவ்ளோதான் கண்ணு. இவனும் மூச்சு விடமுடியாம முனகிகினு இருந்தான். சீழை எடுத்தப்புறம்தான் தூங்கினான். தைரியமா வைக்கச் சொல்லு."

"நீங்க கூட இருக்கீங்களாக்கா?"

"இருக்கறேன். பஸ் போனா போகுது."

குழாய் வைத்து முடியும்வரை அவர் என் கையை விடவில்லை. "நல்லா வடியுது, பயமில்லை" என்று டாக்டர் வந்து சொன்னதும் நான் சிரித்துவிட்டேன். அக்காவோ முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

தன் பையனுக்குக் குழாய் வைத்தபோது அவருக்குத் துணை யாருமே இல்லையாம். நர்ஸ் பிறகு சொன்னார். அந்த அழுகை என் மகளுக்காகவா, அவர் மகனுக்காகவா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.