வாள்வீரனுக்கு முடிவெட்டியவர்

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் இருந்தது அவருடைய சலூன். வெளுத்த மீசை. பேசும்போதும் கத்தரியால் காற்றை வெட்டிக்கொண்டே இருப்பார். வழுக்கைத் தலையனான நான் அங்கே போனது நல்ல வெளிச்சத்துக்காக மட்டும்தான். ஆசையாசையாய் வாங்கிய வீடியோ கேம் வாள்வீரன் பொம்மையை, சின்னப் பிள்ளைகளை உட்கார வைக்கும் பலகையில் நிறுத்தி, போனில் நேரலையாக விமர்சனம் செய்தேன். பார்த்தவர்களில் பாதிப் பேர் என் சொந்தக்காரர்கள்.

"ஒவ்வொரு முடியும் தனித்தனியா நட்டது. ஒண்ணு குறைஞ்சாலும் மதிப்புப் போச்சு!" என்று முழங்கினேன்.

அவர் பொம்மையை உற்றுப் பார்த்தார். "ஏலே, முடி கண்ண மறைக்குல்லா. எதிரி வந்தா எப்பிடிப் பாப்பான்?"

"அது ஸ்டைலு, அண்ணாச்சி."

"ஸ்டைலு பாத்தா கழுத்துல வெட்டுல்லா விழும்!"

நான் போன் பக்கம் திரும்பிய நொடியில் வீரனின் முன்முடி தரையில் கிடந்தது. அலறினேன். சொந்தக்காரர்கள் கைதட்டல்களாக அனுப்பித் தள்ளினார்கள். அவரோ நிதானமாகப் பவுடர் தட்டி, கைக்கண்ணாடியை வீரனின் பிடரிக்குப் பின்னால் பிடித்து, "பின்னால போதுமாய்யா?" என்று அவனிடமே கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்தும் நின்றார்.

பெரிய மனிதரை எவ்வளவு நேரம்தான் நிற்க வைப்பது? அவனுக்குப் பதிலாக நான் தலையாட்டினேன்.