தாமரைத் தண்ணி, அல்லித் தண்ணி

வீட்டு முற்றத்தில் அழகுக்குச் சின்னக் குளம் கட்டிக் கொடுப்பது என் தொழில் என்று யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் யாரிடமாவது சொன்னால், முதலில் சிரிப்பார்கள், பிறகு "தண்ணி?" என்று கேட்பார்கள். அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பதில் தேடியே என் பாதி ஆயுள் கழிந்தது. நல்ல தண்ணீருக்காகக் குடத்தோடு அரை மைல் நடந்தவர்களுக்கும், உவர்த் தண்ணீரில் குளித்துத் தலைமயிர் பாயாகத் திரண்டவர்களுக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

வாயில் இருந்த தண்ணீர்

என் மனைவி பொன்னம்மாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் வாய் நிறையத் தண்ணீர் இருந்தது. அது நெடுந்தீவுக் கிணற்றுத் தண்ணீர். மலாயாவில் ரயில் வேலை பார்த்து, பென்சனோடு ஊர் திரும்பிய கந்தையர் என்பவருக்கு நெடுந்தீவில் குளம் கட்டியிருந்தேன். நட வேண்டியது மட்டும் மிச்சம். எதை நடுவது என்று தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்துச் சொல்வது பொன்னம்மாவின் வேலை. மாரியில் நான் கொண்டுவந்த தண்ணீரை அவள் ஏற்கவில்லை. "மாரியிலை எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். கோடைத் தண்ணி கொண்டு வாங்கோ" என்றாள். கந்தையர் சித்திரையில் ஒரு போத்தல் தண்ணீர் அனுப்பினார். வள்ளம் ஓட்டுகிற தண்டையல் அதைப் பலகைக்கடியில் போட்டு மறந்துவிட்டு, நான் புறப்பட வேண்டிய அன்று விடியத்தான் கொண்டுவந்து தந்தான்.

அவளுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். பாயில் எழுந்து இருந்து ஒரு மிடறு எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அவள் முறைப்படி அது கொஞ்ச நேரம் வாயில் கிடக்க வேண்டும். சோளகக் காற்று பலக்கப் போகிறது, இப்போது விட்டால் பிறகு ஏலாது என்று தண்டையல் படலையில் நின்று கத்தினான். அவள் கையை உயர்த்தி, நில்லுங்கோ என்று காட்டினாள். "வந்து கேக்கிறன்" என்று சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று தாமரைக் கிழங்கையும் அல்லிக் கிழங்கையும் ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஓடினேன். வள்ளத்தின் பாய் விரிந்த பிறகு தண்டையல் சொன்னான்: "ஒரு வாய்த் தண்ணிக்கு இவ்வளவு யோசனையோ அண்ணை? சுத்திவரக் கிடக்கிறது முழுக்கத் தண்ணிதானே!"

பருப்பு அவியாத கிணறு

இந்தத் தொழிலை எனக்கு யாரும் பழக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு துரை வீட்டுத் தோட்டத்தில் கொஞ்சக் காலம் மண்வெட்டி பிடித்தபோது அங்கே இருந்த குளத்தைப் பார்த்துக்கொண்டது மட்டும்தான். முதல் மூன்று குளத்திலும் நான் வைத்த தாமரை அழுகியது. நாலாவது குளம் நாரந்தனையில் ஒரு வாத்தியார் வீட்டில். தன் கிணறு இளநீர் மாதிரி என்று அவர் சொன்னார். நானும் நம்பினேன். நான் குடித்தாலும் எனக்கு இளநீர் மாதிரித்தான் இருந்தது.

அன்று சாப்பாடு கொண்டுவந்த பொன்னம்மா, கை கழுவ எடுத்த தண்ணீரில் ஒரு மிடறு வாயில் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் துப்பிவிட்டு, "இந்தத் தண்ணியிலை பருப்பு அவியாது. தாமரை என்னெண்டு வேர் விடும்?" என்றாள். வாத்தியாருக்கு முகம் சிவந்துவிட்டது. அப்போது குசினிக்குள்ளிருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது: "கேளுங்கோ, நல்லாய்க் கேளுங்கோ! கலியாணம் கட்டி வந்த நாள் துவக்கம் இதைத்தானே நானும் கத்துறன்!"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தண்ணீர் மூன்று வகையானது. தாமரைத் தண்ணி, அல்லித் தண்ணி, கோரைத் தண்ணி. மூன்றாவது வகைக்குக் கோரைப் புல்லும் கல்லும்தான் வைக்கலாம். முதலில் நாக்கு நுனியில் உப்புத் தெரியுமாம், கொஞ்சம் பொறுத்தால் ஓரத்தில் சுண்ணாம்பு தெரியுமாம், கடைசியில் தொண்டையடியில் ஒரு கைப்பு. அந்தக் கைப்பு வந்தால் அல்லி, வராவிட்டால் தாமரை; தீர்ப்பு அதில்தான். அவசரப்பட்டால் அது வராது.

மூன்று தரம்

கடற்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய புதுக்குளத்தில் உடனே செடி வைக்க ஏலாது. சுண்ணாம்பின் காரம் வேரைச் சுட்டுவிடும். நிரப்பி, ஐந்து நாள் விட்டு, இறைத்துக் கொட்ட வேண்டும். அப்படி மூன்று தரம். இறைத்த தண்ணீரை வாழைக்கு விடுவேன். ஒரு சொட்டும் வீணாகாது. ஆனாலும் தீவில் வேண்டுமென்றே தண்ணீரைக் கொட்டுகிறவனை மனிதர் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். மண்டைதீவில் மீன்பிடி வள்ளங்கள் வைத்திருந்த ஒரு சம்மாட்டியார் வீட்டில் மூன்றாம் தரம் இறைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய தாயார் வேலியோரம் வந்து நின்று, வெகு நேரம் பார்த்துவிட்டு, அமைதியாகக் கேட்டார்: "தம்பி, நீர் எங்களுக்குக் குளம் கட்டுறீரோ, இல்லை எங்கடை கிணத்தைத் தூக்கிக்கொண்டு போறீரோ?"

சீமெந்துக் கொக்கு

குளத்தில் என்ன வைப்பது என்பதில் செடியைவிடப் பெரிய தலையிடி பொம்மைகள். ஊர்காவற்றுறையில் கடை வைத்திருந்த சூசைப்பிள்ளை அண்ணை ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு வேண்டும் என்றார். பொன்னம்மா வேண்டாம் என்றாள்; காரணம் சொல்லவில்லை. நான் கம்பி வளைத்து, சீமெந்து பூசி, வெள்ளை அடித்து நிறுத்தினேன். உண்மையாகவே அழகாக இருந்தது. அவ்வளவு அழகாக இருந்ததால், வழியில் பறந்த நிசக் கொக்குகள் இங்கே இரை கிடைக்கிறது போலிருக்கிறது என்று ஒவ்வொன்றாக வந்து இறங்கின. ஒரு கிழமையில் குளத்தில் விட்டிருந்த மீனில் ஒன்றுகூட மிச்சமில்லை. சூசைப்பிள்ளை அண்ணை கோபிக்கவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டுச் சொன்னார்: "உம்மடை ஆள், தான் ஒண்டும் தின்னாது எண்டு சொந்தக்காரரை எல்லாம் கூப்பிட்டு விட்டிட்டுது."

நெடுந்தீவில் என் நாக்கு

கந்தையரின் குளம் ஏழடி நீளம், நாலடி அகலம். சுற்றிவரக் கடற்கல் மதில். மாடுகளுக்குத் தண்ணீர் மணம் தெரிந்துவிடும் என்பதால் மதிலை இடுப்பளவு உயர்த்தியிருந்தோம். மலாயாவில் அவர் இருந்த வீட்டு வாசலில் ஒரு தாமரைத் தொட்டி இருந்ததாம். அவருடைய மனைவி அங்கேயே காலமாகிவிட்டார். "அவ தினமும் விடிய அதைத்தான் பாப்பா" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

கிணற்றில் ஓலைப் பட்டையை விட்டு இறைத்து, வாழ்நாளில் முதல் தரமாக நானே முறைப்படி வாயில் வைத்துப் பார்த்தேன். உப்புத் தெரிந்தது. சுண்ணாம்பும் தெரிந்த மாதிரி இருந்தது. கைப்பு வருமென்று காத்திருந்தேன். கந்தையர் எதிரே கதிரையில் இருந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் மிடறு, மூன்றாம் மிடறு. தாமரை என்று நான் சொல்வதைக் கேட்க அவர் எவ்வளவு ஆசையாக இருந்தார் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. கைப்பு மட்டும் தெரியவில்லை; அது தண்ணீரில் இல்லையா, என் நாக்குக்கு எட்டவில்லையா என்றும் தெரியவில்லை. கடைசியில் இரண்டு சட்டியில் குளத்துச் சேறு போட்டு, மேலே மணல் தூவி, ஒன்றில் தாமரையும் மற்றதில் அல்லியும் நட்டு இறக்கினேன். கந்தையர் கேட்டார்: "அப்ப நீரும் எங்களைப் போலைதானோ? நட்டுப் பாத்துத்தான் அறியிறதோ?"

அன்று பின்னேரம் சோளகம் முறுகியது. பத்து நாள் ஒரு வள்ளமும் ஓடவில்லை.

போத்தலில் மிச்சம்

நான் கரையில் இறங்கியபோது பொன்னம்மாவின் எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவும் முடிந்திருந்தது. நான் புறப்பட்ட மறுநாளே போய்விட்டாளாம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கொள்ளி வைத்தது அவளுடைய தமையன். வீட்டில் எல்லாம் துடைத்து ஒதுக்கியிருந்தது. போத்தல் மட்டும் அலுமாரிக்கு மேல் இருந்தது. கந்தையர் அனுப்பியது பழைய சாராயப் போத்தல். மிச்சத் தண்ணீரை வாயில் வைத்து நெடுநேரம் இருந்தேன். சாராய வாசனைதான் வந்தது.

அவளுடைய தங்கை செல்லம்தான் அன்று பக்கத்தில் இருந்தவள். அக்கா தண்ணீரைப் பற்றி ஏதாவது சொன்னாவோ என்று கேட்டேன். இப்படி ஒரு வீட்டில் கேட்கிற கேள்வியா அது என்று யாரும் நினைத்திருக்கலாம். செல்லம் அப்படி நினைக்கவில்லை. யோசித்துப் பார்த்துத்தான் சொன்னாள்: "முற்றத்திலை துப்பிப்போட்டு, 'மனுசன் போயிட்டுதோ?' எண்டு கேட்டவ அத்தான். ஓம் எண்டனான். 'சரி, வரட்டும்' எண்டிட்டுப் படுத்திட்டா."

புரட்டாதி

கடல் அடங்கிய பிறகு புரட்டாதியில் நெடுந்தீவுக்குப் போனேன். கூலி வாங்க வேண்டியிருக்கவில்லை. போகாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். தாமரை இரண்டு இலை விட்டு, மஞ்சளாகி, தண்டோடு கரைந்துபோயிருந்தது. அல்லி குளத்தை மூடிப் படர்ந்து, நாலு வெள்ளைப் பூவோடு நின்றது.

கந்தையர் பக்கத்தில் வந்து நின்றார். "இது அல்லித் தண்ணி எண்டு அப்பவே சொல்லியிருக்கலாமே தம்பி?" என்றார். சொல்ல ஆள் இருந்தது, கேட்கத்தான் நான் நிற்கவில்லை என்று நடந்ததைச் சொன்னேன். அவர் மதிலில் கை ஊன்றி அல்லியைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அப்ப மனுசி சொல்ல வந்தது இதுதான் எண்டு வையும்."

அதற்குப் பிறகு நான் கட்டிய குளம் ஒவ்வொன்றிலும் இரண்டு சட்டி இறக்கினேன்; அதை ஏதோ தொழில் இரகசியம் என்று நினைத்தவர்களும் உண்டு. கந்தையரும் போய்ச் சேர்ந்து, அந்த வீடு அவருடைய மருமகனிடம் வந்த பிறகு ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தேன்: அல்லி இன்னும் அங்கேதான் இருக்கிறது, தாமரை வைத்த சட்டியில் ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கிறார்கள்.