மூடி இறுகாத ஆசிட் பாட்டில்

காலை ஆறேகால் மணி. அண்ணன் வாசல் கதவைத் திறந்ததும் முதலில் தெரிந்தது, கூடத்துத் தரையில் தேங்கி நின்ற தண்ணீர். சில வருடங்களுக்கு முன், ஒரு ஆவணி மாதம். கும்பகோணத்தில் அண்ணியின் தங்கை மகள் கல்யாணத்துக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு, திருவேட்டக்குடி பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அப்போதுதான் திரும்பியிருந்தோம்.

கூடத்து வாஷ்பேசினுக்குக் கீழே இருந்த அலமாரிக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே குழாய்க்குத் தண்ணீர் போகும் ஹோஸ் வெடித்து, மாடித் தொட்டி முழுவதும் அதன் வழியாகக் காலியாகியிருந்தது. தண்ணீர் பீய்ச்சியடித்த பக்கம் விதைநெல் மூட்டைகள். சாக்கின் இழைகளுக்கு வெளியே வெள்ளை முளைகள் நீட்டிக்கொண்டிருந்தன.

அது கடையில் கிடைக்கிற விதை இல்லை. எங்கள் நிலத்தில் கடலோரமாக இருக்கும் இரண்டு மா, அதாவது முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான இடத்தில், உப்பு அதிகம். அதைத் தாங்கும் ஒரு ரகத்தை அண்ணன் ஒவ்வொரு அறுவடையிலும் எடுத்து வைப்பார். எங்கள் பக்கத்தில் வேறு யாரும் அதைப் போடுவதில்லை. இருந்தது மொத்தமும் அந்த மூட்டைகளில்தான்.

ஹோஸைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மேலே பின்னியிருந்த எவர்சில்வர் கம்பி துருவேறி, தொட்டதும் உதிர்ந்தது. உள்ளே ரப்பர் கிழிந்திருந்தது. எங்கள் போர் தண்ணீர் பேசினில் உப்புக்கறை படியவிடும். அதைப் போக்க அண்ணி வாராவாரம் ஆசிட் ஊற்றித் தேய்ப்பார். பாட்டிலை அந்த அலமாரியிலேயே வைப்பார்.

"அந்தக் கம்பி மேல ஒரு சொட்டு பட்டதில்ல தம்பி. நீங்களே பாருங்க, பாட்டிலு நேராத்தான் நிக்கிது" என்றார்.

உண்மைதான். பாட்டிலின் பிளாஸ்டிக்குக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூடி மட்டும் அரைத் திருகில் நின்றது. அலமாரியின் கீல், திருகாணி, உள்ளே கிடந்த கத்தரிக்கோல் எல்லாம் செம்பழுப்பாக மாறியிருந்தன. ஆசிட் சிந்தவே வேண்டியதில்லை, மூடிய இடத்தில் அதன் ஆவியே இரும்பைத் தின்னும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அண்ணன் பேசினையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா பளபளன்னுதான் இருக்கு. இதுலயே நாத்து விட்டுடலாம்" என்றார்.

முளைத்த விதையை உடனே நாற்றங்காலில் தெளித்திருக்கலாம். ஆனால் அந்த வருடம் ஆற்றுத் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு இன்னும் வந்து சேரவில்லை. போர் தண்ணீரின் உப்பை வளர்ந்த பயிர் தாங்கும், முளை தாங்காது. தெரிந்தும் அண்ணன் ஒரு பாத்தியில் தெளித்துப் பார்த்தார். நுனி கருகியது. மீதி மூட்டைக்குள்ளேயே அழுகி நாற்றமெடுத்தது. இருவருமாகத் தூக்கிப்போய் எருக்குழியில் கொட்டினோம்.

பிறகு தண்ணீர் வந்தது. மற்ற நிலத்தில் அரசு விதை டிப்போவில் வாங்கிய விதையை நாற்று விட்டு நட்டோம். கடலோரத்து இரண்டு மா இன்னும் தரிசாகவே கிடக்கிறது.