இருபத்திரண்டாவது கிணறு

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எக்ஸ்ரே மெஷின் பொருத்துவது என் வேலை. உள்ளே இருந்தால் படத்தில் தெரியும், இல்லாவிட்டால் தெரியாது, அவ்வளவுதான் என் புத்தி. அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் கோபமே வராது, உங்கள் இடத்தில் நானும் சிரித்துத்தான் இருப்பேன்.

போன வருடம் இராமநாதபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு மெஷின் பொருத்த இருபது நாள் அனுப்பினார்கள். ஈரோட்டுக்காரனுக்கு அந்த ஊரில் யாரைத் தெரியும்? வேலை முடிந்ததும் கால் போன போக்கில் நடப்பேன், அரண்மனைப் பக்கம், மீன் மார்க்கெட், பஸ் ஸ்டாண்ட் என்று. ஒருத்தரும் நம் பெயரைச் சொல்லிக் கூப்பிடாத ஊரில் சுற்றுவது எவ்வளவு சுகம் என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டாவது ஞாயிறு காலை ராமேஸ்வரம் பஸ் நின்றுகொண்டிருந்தது, ஏறிவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றேதான். கோயிலுக்குள் இருக்கிற இருபத்திரண்டு தீர்த்தக் கிணற்றிலும் குளித்துவிட வேண்டும் என்பது அப்பாவின் பல வருட ஆசை. இந்த வருடம், அடுத்த வருடம் என்று நான்தான் தள்ளிக்கொண்டே வந்தேன், அதற்குள் அவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து பதினோரு மாதமாகக் கட்டிலோடு கிடந்தார். நான் மட்டும் போய்ச் சுற்றிப் பார்த்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் நின்றேன். வாயைத் திறப்பதற்குள் கடைக்காரர் சர்க்கரை போடாத டீயை நீட்டினார். நான் குடிப்பது அதுதான், ஆனால் அவருக்கு எப்படித் தெரியும்? மூஞ்சியிலேயே சுகர் தெரிகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். பெஞ்சில் ஒருவர் ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தார், காலடியில் கயிறு கட்டிய வாளி. வருகிறவர்களைக் கிணறு கிணறாகக் கூட்டிப் போய்த் தலையில் தண்ணீர் இறைத்து ஊற்றுகிறவர்களில் ஒருவர். என்னைப் பார்த்ததும் தெரிந்தவரிடம் கேட்பது போலக் கேட்டார்.

“அய்யாவ எங்கன விட்டுட்டு வந்தீக?”

எந்த அய்யா என்றேன். உங்கள் அப்பாதான், நேற்று கூட்டிக்கொண்டு வந்தீர்களே என்றார். நேற்று காலையிலிருந்து சாயங்காலம் வரை நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன், வருகைப் பதிவு மெஷினில் விரல் வைத்திருக்கிறேன். அதைச் சொன்னேன். அவர் கடைக்காரரைப் பார்த்தார், கடைக்காரரும் ஆமாம், இவர்தான் என்று தலையாட்டினார். பெரியவர் இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தாராம், ஒவ்வொரு வாளிக்கும் குழந்தை மாதிரி சிரித்தாராம். விழுவதற்கு முன்பு அப்பாவும் அப்படித்தான் நடப்பார். ஆனாலும் காலைச் சாய்த்து நடக்கிற பெரியவருக்கா நாட்டில் பஞ்சம் என்று நானும் விடவில்லை.

“ஒங்கள அவுக கலெக்டரேன்னுல கூப்பிட்டாக. நெசமாவே கலெக்டரான்னு கேட்டேன், அதுக்கும் சிரிச்சாக” என்றார் வாளிக்காரர்.

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். எப்போது பார்த்தாலும் வேலை வேலை என்று பறக்கிறேன் என்பதற்காக அப்பா எனக்கு வைத்த பட்டம் அது. எங்கள் வீட்டைத் தாண்டி ஒருவருக்கும் தெரியாது.

“அய்யாவுக்கு ஒரு கெணறுதான் பாக்கி. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நீங்கதான் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனீக. சீக்கிரம் கூட்டியாந்து முடிச்சு வச்சிருங்க” என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மாதான் எடுத்தார். அப்பா நேற்று முழுக்கத் தூங்கிக்கொண்டே இருந்தாராம், சாப்பிட எழுப்பினாலும் எழவில்லையாம். போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். நான் எங்கே நிற்கிறேன் என்று இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை, அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

“ஏன்டா கலெக்டரே, இன்னொரு கெணறுதான பாக்கி இருந்துச்சு? அதுக்குள்ள என்ன அப்படி அவசரம் உனக்கு?” என்றார் அப்பா.

கனவு கண்டிருப்பார் என்று வைத்துக்கொள்ளலாம். நானும் அப்படித்தான் வைத்துப் பார்த்தேன். அவர் கண்ட கனவில் டீக்கடைக்காரருக்கு என்ன வேலை என்று நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த வாரமே லீவு போட்டு, கார் பிடித்து, அப்பா அம்மா இரண்டு பேரையும் ராமேஸ்வரத்துக்குக் கூட்டி வந்தேன். சக்கர நாற்காலியில் அப்பாவை வைத்துத் தள்ளிக்கொண்டு போய் அதே வாளிக்காரரைத் தேடிப் பிடித்தேன். முதல் கிணற்றிலிருந்தே ஆரம்பித்துவிடலாம் அப்பா என்றேன். அதெல்லாம்தான் ஆச்சே என்று அவர் கையை ஆட்டினார், நேராகக் கடைசிக் கிணற்றுக்குத்தான் போக வேண்டும் என்றார். வாளிக்காரர் அதற்கு ஆச்சரியப்படவே இல்லை. தண்ணீர் தலையில் விழுந்ததும் அப்பா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு சிரித்தார். நான் அழுதுவிட்டேன். அம்மா தலையிலும் வாளிக்காரர் ஒரு வாளி ஊற்றினார். அடுத்து நான் தலையைக் குனிந்தேன், அவரோ கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார். எனக்கு ஊற்றவில்லையே என்றேன்.

“ஒங்களுக்கு எதுக்கு? அன்னைக்கே அய்யாவ வெளிய உக்கார வச்சிட்டு, நீங்க மட்டும் திரும்ப ஓடியாந்து ஊத்திக்கிட்டுப் போனீகள்ல.”

அது அப்பா காதிலும் விழுந்தது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது நானில்லை அப்பா என்று இன்றுவரை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. நான் அப்படிச் செய்யக்கூடியவன்தான்.